விண்ணப்பத்துக்கு முந்தைய நாட்கள்: உள்ளாட்சி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை விண்ணப்பங்களைப் பெற்று, சரிபார்த்து, மேலிடத்துக்கு அனுப்பும் உள்ளாட்சி அலுவலகங்களின் அதிகாரிகளுக்கும், முகப்பில் அமர்ந்து எங்களை நேருக்கு நேர் பார்க்கும் எழுத்தர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் பதிவேட்டில் ஒரு விண்ணப்பம், அதன் மேல் முத்திரை விழும் நாளில் பிறக்கிறது. எங்கள் வீடுகளிலோ அது பல வாரங்களுக்கு முன்பே, பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி அலமாரியைக் கொட்டிக் கவிழ்க்கும்போதே தொடங்கிவிடுகிறது. எந்தத் தாள் வேண்டும், எந்தத் தேதி வேண்டும், மருத்துவரிடம் என்ன எழுதி வாங்க வேண்டும், முகப்பில் என்ன கேட்பார்கள், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அந்த வாரங்களில் நாங்கள் ஆளுக்கு ஆள் விசாரிக்கிறோம். ஆளுக்கு ஒன்றாகப் பதில் வருகிறது. சரியான பதில் உங்களிடம் இருக்கிறது. விண்ணப்பம் வந்து சேர்ந்த பிறகுதான் அது வெளியே வருகிறது, அதுவும் பெரும்பாலும் "இது போதாது" என்ற வடிவில். ஆயத்தம் செய்யும் அந்த நாட்களையும் உங்கள் வேலையின் ஒரு பகுதியாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தம்பி தையற்காரன். முடக்குவாதம் அவன் விரல் கணுக்களில் தொடங்கி, மணிக்கட்டு, முழங்கால் என்று பரவ நான்கு ஆண்டுகள் ஆயின. முதலில் காஜா எடுப்பதை விட்டான். பிறகு ஊசியில் நூல் கோப்பதற்கு ஆள் தேவைப்பட்டது. கடைசியில் கத்தரிக்கோலே கையில் நிற்கவில்லை. தொழிலை விட்டு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான், அதுவும் வீட்டில் எல்லோரும் மாறி மாறிச் சொன்ன பிறகு, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சம்மதித்தான்.

அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாளில் அவன் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துகொண்டான். இந்த நோய் உள்ளவர்களுக்குக் காலையில் மூட்டுகள் மரக்கட்டையைப் போல இறுகிக் கிடக்கும். அது இளக ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அவன் வெந்நீரில் கைகளை அமிழ்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலி மாத்திரையை வழக்கமான நேரத்துக்கு முன்பே போட்டுக்கொண்டான். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வைத்தான். பொத்தான்களை நான் மாட்டிவிட்டேன். அரசு அலுவலகத்துக்குப் போகும்போது அலங்கோலமாகப் போகக் கூடாது என்று அவன் நினைத்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முகப்பில் இருந்தவர் மரியாதையாகப் பேசினார். நாற்காலியும் போடச் சொன்னார். பிறகு படிவத்தைப் பார்த்துக் கேட்டார். "நடப்பீர்களா?" தம்பி, "நடப்பேன்" என்றான். "சட்டை நீங்களே போட்டுக்கொள்வீர்களா?" "போட்டுக்கொள்வேன்." "சாப்பிடுவது?" "அதெல்லாம் நானேதான்." எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன். குறுக்கே பேசினால் அவன் மனம் புண்படுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று வீடு திரும்பியவன் மறுநாள் நண்பகல் வரை படுக்கையை விட்டு எழவில்லை. சில வாரங்களில் கடிதம் வந்தது: அன்றாடச் செயல்களைத் தாமே செய்துகொள்ள இயல்வதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று இரண்டு வரி.

"ஏன்டா அப்படிச் சொன்னாய்?" என்று கேட்டேன். "முன்பின் தெரியாத ஒருவரிடம், என் சட்டையைக்கூட என்னால் போட முடியாது என்று எப்படி அக்கா சொல்வது?" என்றான்.

அந்த எழுத்தர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் படிவத்தில் இருந்ததைக் கேட்டார், கேட்டதற்குக் கிடைத்த பதிலை எழுதினார். கோளாறு கேள்வியில் இருக்கிறது. அப்படி ஒரு கேள்வி வரப்போகிறது என்பதை முன்கூட்டியே யாரும் எங்களுக்குச் சொல்லாததில் இருக்கிறது. "முடியும்" என்ற ஒரே சொல்லுக்குள், வலியில்லாமல் முடிவதும், பல்லைக் கடித்துக்கொண்டு முடிவதும், ஒரு முறை முடிந்து மறுமுறை முடியாமல் போவதும், பக்கத்தில் ஒருவர் நின்றால் மட்டும் முடிவதும் அடங்கிவிடுகின்றன. மானமுள்ள மனிதர் எவரும் அந்தச் சொல்லைத்தான் முதலில் எடுப்பார். அன்று அவன் நடந்தது உண்மை; வாசலிலிருந்து முகப்பு வரை நடந்தான். அந்த நடைக்கு அவன் கொடுத்த விலையைக் கேட்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

கேள்வியை வேறு விதமாகக் கேட்க முடியும் என்பதற்கு உலகில் முன்மாதிரிகள் உண்டு. ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001-இல் அமைந்த வாஷிங்டன் குழு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்காக ஆறு கேள்விகளை வகுத்தது: பார்வை, காது கேட்கும் திறன், நடை, நினைவும் கவனமும், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுதல், பிறருடன் கருத்துப் பரிமாறுதல். அவை எதிலும் "முடியுமா, முடியாதா" என்று கேட்பதில்லை. சிரமம் இல்லை, ஓரளவு சிரமம், மிகுந்த சிரமம், அறவே இயலாது என்று நான்கு படிகள் உள்ளன. அந்தக் கேள்விகள் உதவித்தொகையை முடிவு செய்வதற்காக எழுதப்பட்டவை அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் "மிகுந்த சிரமம்" என்ற ஒரு படி மட்டும் அன்று படிவத்தில் இருந்திருந்தால், என் தம்பி தன் மானத்தையும் காத்துக்கொண்டு உண்மையையும் சொல்லியிருப்பான்.

பிரிட்டனில் 2013-இல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளர் உதவித்தொகை ஒன்றின் விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஒருவரால் ஒரு செயலைச் செய்ய முடியும் என்று எழுத வேண்டுமானால், அவர் அதைப் பத்திரமாக, ஏற்கத்தக்க தரத்தில், திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். அந்தப் பாதிப்பு இல்லாத ஒருவருக்கு அதிகபட்சம் ஆகக்கூடிய நேரத்தைப் போல இரு மடங்குக்கு மேல் ஆனால் அது நியாயமான நேரம் ஆகாது. ஏறி இறங்கும் நோய்களுக்கு, பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி இருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்த நாட்டிலும் விண்ணப்பதாரர்களுக்கு ஏராளமான மனக்குறைகள் உண்டு. விதி நன்றாக இருந்தால் மட்டும் மதிப்பீடு நன்றாக இருந்துவிடாது. ஆனாலும் அந்த நான்கு சொற்களைக் கையில் வைத்திருப்பவர், சட்டை போட்டுக்கொள்ள அரை மணி நேரம் ஆகிறது என்பதை "முடியும்" என்ற கட்டத்துக்குள் போட மாட்டார்.

இயலாமையைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்றுக்கொண்ட வகைப்பாடும் இதே திசையில்தான் நிற்கிறது. ஒரே நோய்ப்பெயர் உள்ள இருவர் முற்றிலும் வேறான வாழ்க்கை வாழலாம். ஒருவருடைய உடலின் நிலை, அவர் செய்யக்கூடிய செயல்கள், அவர் கலந்துகொள்ளும் வாழ்க்கை, அவரைச் சுற்றியுள்ள சூழல் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் இயலாமையைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதே நிறுவனம் உருவாக்கிய 36 கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பீட்டுக் கருவி, கடந்த 30 நாட்களைப் பற்றிக் கேட்கிறது. அலுவலகத்துக்கு வந்து நிற்கும் நாள் ஒருவருடைய மாதத்தில் மிக நல்ல நாளாகவே பெரும்பாலும் இருக்கும், ஏனென்றால் மோசமான நாளில் அவரால் வரவே முடியாது. வலிப்பு நோய் உள்ளவரைப் பாருங்கள்: அவர் உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடத்தில் ஒன்றும் நேராது. தனியாக அடுப்படிக்குப் போக வீட்டார் அவரை விடுவதில்லை என்பதும், குளியலறைக் கதவைத் தாழிடாமல் வைத்திருப்பதும் உங்கள் மேசையிலிருந்து தெரியாது. மனநோய் உள்ளவர் நிலைமை இதைவிடக் கடினம். பார்க்க நன்றாக இருக்கிறார் என்ற பேச்சை அவர்கள் வீட்டில் வசையாகவே கேட்டு வளர்கிறார்கள். அதே பேச்சை அலுவலகத்திலும் கேட்டால் அடுத்த முறை வரவே மாட்டார்கள்.

இரண்டாம் முறை விண்ணப்பிக்க நாங்கள் முடிவு செய்தபோது, ஓய்வுபெற்ற ஓர் அலுவலர், இதே மாதிரி இருக்கையில் பல ஆண்டுகள் இருந்தவர், எனக்கு ஒரு வழி சொன்னார். "நோயின் பெயரைக் கொண்டுவராதீர்கள் அம்மா, அவருடைய நாளைக் கொண்டுவாருங்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் அலுவலக வாசலில் எழுதி வைத்திருந்தால் எங்களுக்கு ஓர் ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் 30 நாட்கள் எழுதினேன். அதில் எதையும் கூட்டி எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. எழுந்த நேரம், கை இளகிய நேரம், யார் உதவியது, எத்தனை முறை என்பவை மட்டும். எட்டாம் நாள் குறிப்பு இது: "காலை ஏழு மணிக்குச் சட்டை. மேலிருந்து இரண்டு பொத்தான் தானே மாட்டினான், பதினோரு நிமிடம். மூன்றாவது நழுவியது. நான் வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றான். நான்காவதற்கு என்னைப் பார்த்தான்." இருபதாம் நாள் குறிப்பில், தண்ணீர்க் குவளையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அழுத்தித் தூக்கினான் என்றும், விரல்கள் மடங்கவில்லை என்றும் இருக்கிறது. நல்ல நாட்களும் அதில் உண்டு. ஒன்பது நாட்களில் அவன் யார் துணையும் இல்லாமல் குளித்தான். அவற்றையும் எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால் மற்றவற்றையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

அந்த நோட்டை அவனிடம் படித்துக் காட்டித்தான் கொடுத்தேன். படிக்கும்போது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் உடம்பால் முடியாதவற்றை வரிசையாகக் கேட்பது எவருக்கும் எளிதல்ல. உங்களுக்கு அது ஒரு படிவத்தின் நான்காம் பக்கம். விண்ணப்பிப்பவருக்கோ, தினமும் மறக்க முயலும் ஒன்றைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது. ஆயத்தம் ஏன் நீள்கிறது என்று நீங்கள் வியக்கும்போது இதையும் கணக்கில் கொள்ளுங்கள். தாள் கிடைக்காததால் நின்றுபோகிற விண்ணப்பங்கள் உண்டு. மனம் வராததால் நின்றுபோகிற விண்ணப்பங்களும் உண்டு.

மருத்துவச் சான்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான விண்ணப்பங்கள் இடறுவது அங்கேதான். முதல் முறை எங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: முடக்குவாதம், தொடர் சிகிச்சையில் உள்ளார். அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அதை வைத்து நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது. மருத்துவர் தம் தொழிலுக்குத் தேவையானதை எழுதினார். உங்களுக்கு எது தேவை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? இரண்டாம் முறை நோட்டிலிருந்து ஒரு பக்கச் சுருக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனோம். அவர் அதைப் படித்துவிட்டு, தம்பியின் கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, விரல்களை மடக்கச் சொல்லி, பிடியின் வலுவைப் பார்த்து, அரைப் பக்கத்துக்கு எழுதினார்: எந்தெந்த மூட்டுகள், எவ்வளவு மடங்குகின்றன, எதைத் தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், இந்த நிலை எவ்வளவு காலம் நீடிக்கும். "இதையெல்லாம் இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை" என்றார்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது, மருத்துவருக்கு என்று தனியாக ஒரு தாள். விண்ணப்பப் படிவத்தோடு சேர்த்தே அதை எங்களிடம் கொடுங்கள். குளித்தல், உடுத்துதல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலம் அடக்கும் கட்டுப்பாடு, உண்ணுதல் ஆகிய ஆறையும் வைத்து ஒருவருடைய தற்சார்பை அளக்கும் முறை 1963 முதல் மருத்துவ உலகில் இருக்கிறது. 1969-இல் வந்த இன்னொரு அளவை தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல், பயணம், மருந்து எடுத்துக்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் என்று எட்டைச் சேர்க்கிறது. முதல் ஆறையும் செய்யக்கூடிய ஒருவர், இந்த எட்டில் பாதியைச் செய்ய முடியாமல் தனித்து வாழ இயலாதவராக இருக்கலாம். மூளைப் பாதிப்பும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களின் விண்ணப்பங்கள் தவறிப்போவது இந்த இடைவெளியில்தான். இவற்றைத் தலைப்புகளாக இட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு வரி எழுத இடம் விட்டால் போதும். நோயாளியைப் பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவருக்கும் அது உதவி, அவர் எழுத்தைப் படிக்கும் உங்களுக்கும் உதவி.

நோய் தொடங்கிய தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல திட்டங்களில், குறிப்பாகச் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்து கட்டிய தொகையின் அடிப்படையில் தரப்படும் ஓய்வூதியங்களில், முதலில் மருத்துவரைப் பார்த்த நாளோ வேலை செய்ய முடியாமல் போன நாளோ தகுதியையே தீர்மானிக்கிறது. இது தெரியாமல், பழைய சீட்டுகளை வீடு மாறும்போது தூக்கிப் போட்டுவிட்டு வந்து நிற்பவர்கள் எத்தனை பேர்! மருத்துவமனைகளும் பழைய பதிவேடுகளை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. நோய் கண்டறியப்பட்ட அன்றே இந்த எச்சரிக்கை நோயாளியின் காதில் விழ வேண்டும். அதற்கு உங்கள் அலுவலகம் மருத்துவமனைகளுக்கு ஒரு சிறு துண்டறிக்கை அனுப்பி வைத்தால் போதும்.

மற்ற தாள்களைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவை எல்லோரும் கேட்பவைதான். ஆனால் ஒன்றில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருப்பதற்காக, நிற்க முடியாத ஒருவரைத் திருப்பி அனுப்புவதை நிறுத்துங்கள். குறைகள் எத்தனை இருந்தாலும் முதல் வருகையிலேயே அத்தனையையும் பார்த்து, ஒரே தாளில் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி எழுதி, கையெழுத்திட்டுக் கொடுங்கள். இன்று ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், வண்டி பேசி, துணைக்கு வருபவர் ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டிய ஒருவர் மீண்டும் வர வேண்டியிருக்கிறது. உதவித்தொகை கிடைப்பதற்கு முன்பே அதில் சில மாதத் தொகையை அலைச்சலுக்குச் செலவழித்துவிடுகிறோம். அசல்களைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுங்கள். கொடுத்த தாள்கள் எவை என்று குறித்து ஒப்புகைச் சீட்டு தாருங்கள். "உள்ளே போய்விட்டது, தகவல் வரும்" என்ற வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து எங்களால் எதையும் நிரூபிக்க முடியாது.

துணைக்கு வருபவரைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. எங்கள் முதல் வருகையில் நான் வாயைத் திறக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு சில இடங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது: சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு, அதைத் தள்ளி வந்தவரிடமே எல்லாவற்றையும் கேட்கிறார்கள். இரண்டும் தவறு. விண்ணப்பதாரரிடம் பேசுங்கள், அவர் சம்மதத்தோடு துணையாளரிடமும் கேளுங்கள், சில கேள்விகளை மற்றவர்கள் காதில் விழாத இடத்தில் வைத்துக் கேளுங்கள். கழிப்பறைக்குத் தனியாகப் போக முடியுமா என்ற கேள்விக்கு, பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கும்போது எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார். காது கேளாதவர் வரும் நாளுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதும், பார்வையற்றவருக்குப் படிவத்தைப் படித்துக் காட்டி அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி மீண்டும் படித்துக் காட்டுவதும், எளிய சொற்களில் ஒரு விளக்கத் தாள் வைத்திருப்பதும் தயவு அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்கப்பட்டு, 2008 மே 3 அன்று நடைமுறைக்கு வந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்று உறுதி செய்துள்ளன. அதன் 9-ஆம் பிரிவு அணுகும் வசதியையும், 21-ஆம் பிரிவு ஏற்ற வடிவங்களில் தகவல் பெறுவதையும், 28-ஆம் பிரிவு போதிய வாழ்க்கைத் தரத்தையும் சமூகப் பாதுகாப்பையும் உரிமைகளாகச் சொல்கின்றன. ஒருவருக்குத் தேவையான நியாயமான ஏற்பாட்டைச் செய்து கொடுக்க மறுப்பதையே பாகுபாட்டின் ஒரு வடிவமாக அதன் 2-ஆம் பிரிவு வரையறுக்கிறது. மாடியில் இருக்கும் அலுவலகப் பிரிவுக்கு விண்ணப்பதாரரை ஏறி வரச் சொல்வதும் இதில் அடங்கும்.

உங்கள் தரப்பில் இருக்கும் கவலையும் எனக்குத் தெரியும். தகுதியற்றவர் பெற்றுவிட்டால் தணிக்கையில் உங்கள் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். தகுதியுள்ளவர் பெறாமல் போனால் உங்களை யாரும் கேட்பதில்லை. ஆகையால் சந்தேகம் வந்தால் மறுத்துவிடுவது உங்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. ஆனால் கணக்கு வேறு பக்கம் சாய்கிறது. கடுமையான இயலாமை உள்ளவர்களில் உதவித்தொகை கிடைப்பது உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் என்று 2020-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து சர்வதேச தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டது. மீதி மூன்றில் இரண்டு பங்கினரில் பலருக்குத் திட்டமே இல்லை. திட்டம் இருந்தும் கதவு வரை வந்து திரும்பியவர்களும், கதவு இருப்பதே தெரியாதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். முன்கூட்டியே தெளிவாகச் சொல்வதால் பொய் விண்ணப்பங்கள் பெருகும் என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. பொய் சொல்ல நினைப்பவருக்குக் கேள்விகளை எழுதிக் கொடுக்கத் தரகர்கள் இருக்கிறார்கள். கேள்விகளை மறைத்து வைப்பதால் கெடுபவர், தரகரிடம் போகாத நேர்மையானவர்தான்.

மறுப்பதானால் காரணத்தை எழுதுங்கள். எந்தச் செயலில், எந்தச் சான்றின் அடிப்படையில், எந்த அளவுக்குக் குறைந்தது என்று எழுதுங்கள். எத்தனை நாட்களுக்குள், யாரிடம், எப்படி மேல்முறையீடு செய்யலாம் என்பதை அதே கடிதத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். எங்களுக்கு வந்த கடிதத்தில் அது இல்லை. மேல்முறையீட்டுக்குக் கால வரம்பு உண்டு என்பதே அது கடந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதனால்தான் புதிதாக விண்ணப்பிக்க நேர்ந்தது.

இரண்டாம் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. முதல் விண்ணப்பத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் தம்பியின் நோய் மாறவில்லை. மாறியதெல்லாம் நாங்கள் கொண்டுவந்த தாள்கள்தான், அவற்றை எப்படி எழுத வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஒருவர் கிடைத்ததுதான். அப்படி ஒருவர் கிடைக்காத குடும்பங்களை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். வாரத்தில் ஒரு நாள், ஒரு மேசை, விண்ணப்பம் பெறுவதற்காக அல்லாமல் விண்ணப்பத்துக்கு ஆயத்தம் செய்பவர்களுக்கு வழி சொல்வதற்காக மட்டும் ஒதுக்குங்கள். அந்த மேசையில், முடிந்தால், முன்பு விண்ணப்பித்துப் பெற்ற ஒரு மாற்றுத்திறனாளியையே சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள்.

மறு ஆய்வுக்கு வரும்படி சென்ற வாரம் எங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது. தேதி இருக்கிறது, நேரம் காலை ஒன்பதரை என்று இருக்கிறது. என்ன கேட்பார்கள், என்ன கொண்டுவர வேண்டும் என்பது இந்த முறையும் இல்லை. நான் நோட்டில் மீண்டும் எழுதத் தொடங்கிவிட்டேன். நேரத்தை மட்டும் பதினொன்றுக்கு மேல் மாற்றித் தரும்படி இந்த மடலோடு தனியாக ஒரு மனுவும் அனுப்பியிருக்கிறேன். ஒன்பதரை மணிக்கு அவன் கைகள் இன்னும் திறந்திருக்காது.

இப்படிக்கு,
ஒரு விண்ணப்பதாரரின் அக்கா